எக்ஸ்பிரஸில் ரெஸ்ட் ஏபிஐ எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் பக்கம் வருகிற பெரும்பாலானோர் முதலில் தொடுவது அதன் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸைத்தான். நாலைந்து வரியில் ஒரு சர்வர் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் எக்ஸ்பிரஸ் செய்யும் வேலை மிகக் குறைவு. வந்த ரெக்வஸ்ட்டை எந்த ஃபங்ஷனிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதில் போனதா, போன பதில் உண்மையா, கேட்டவருக்குக் கேட்க உரிமை உண்டா என்பதெல்லாம் நம் பொறுப்பு. இதையும் ஃபிரேம்வொர்க் கவனித்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன. பஸ் டிக்கெட் புக்கிங் செய்யும் ஒரு ஏபிஐயை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பதில் போகாமல் நிற்பதும், இரண்டு முறை போவதும்

எக்ஸ்பிரஸ் 4-ல் ரெக்வஸ்ட்டைக் கவனிக்கும் ஃபங்ஷனான ஹேண்ட்லரை ஏசிங்க் ஃபங்ஷனாக எழுதி, உள்ளே டேட்டாபேஸின் பதிலுக்காக அவெயிட் செய்கிறோம். அந்த நேரம் பார்த்து டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால், பின்னால் வரவேண்டிய பதிலுக்கான ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகும், அதாவது தோல்வியில் முடியும். எக்ஸ்பிரஸ் 4 அதைக் கண்டுகொள்ளாது. நாம் எழுதி வைத்த எரர் ஹேண்ட்லருக்கும் அது வந்து சேராது. பயனரின் போனில் லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நோட் 15-லிருந்து இன்னும் ஒரு படி மேலே: யாரும் பிடிக்காத ரிஜெக்‌ஷன் வந்தால் புராசஸே நின்றுவிடும். ஒருவருடைய ரெக்வஸ்ட்டில் வந்த பிழையால், அதே நேரத்தில் புக் செய்துகொண்டிருந்த அத்தனை பேரின் வேலையும் பாதியில் அறுந்துபோகும்.

2024-ல் வந்த எக்ஸ்பிரஸ் 5 இதைச் சரிசெய்துவிட்டது. ஹேண்ட்லர் திருப்பித் தரும் ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆனால், அதுவே எரர் ஹேண்ட்லருக்கு அனுப்பிவிடும். இன்னும் 4-ல் இருப்பவர்கள் ட்ரை, கேட்ச் போட்டு, பிடித்த எரரை நெக்ஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். எல்லா ஹேண்ட்லரையும் சுற்றிப் போர்த்த ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிவைத்தாலும் போதும். 5-க்கு மாறினாலும் டைமர் கால்பேக்கிலோ ஈவண்ட் லிசனரிலோ எழும் பிழைகளை நாமேதான் பிடிக்க வேண்டும்.

எரர் ஹேண்ட்லரிலும் ஒரு கண்ணி உண்டு. நான்கு பாராமீட்டர் இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் அதை எரர் ஹேண்ட்லர் என்று அடையாளம் காணும். நான்காவதான நெக்ஸ்ட்டைப் பயன்படுத்தவில்லையே என்று கோடைச் சோதிக்கும் லின்ட்டர் எச்சரிக்க, யாராவது அதை எடுத்துவிட்டால் அந்த ஃபங்ஷன் சத்தமில்லாமல் சாதாரண மிடில்வேராக, அதாவது ரெக்வஸ்ட் வழியில் இடையில் ஓடும் ஃபங்ஷனாக, மாறிவிடும். அப்புறம் பிழைகள் எக்ஸ்பிரஸின் இயல்பான ஹேண்ட்லருக்குப் போகும். நோட் என்வ் மாறியில் புரொடக்‌ஷன் என்று குறிப்பிட்டிருக்காவிட்டால், கோடில் எந்த வரியில் பிழை வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் முழுவதையும் அது வெளியாள் பார்க்கக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறு ரிட்டர்ன் எழுத மறப்பது. சீட் காலியில்லை என்று 409 (மோதல் என்று பொருள்படும் ஸ்டேட்டஸ் கோடு) அனுப்புகிறோம். ஆனால் ரிட்டர்ன் இல்லாததால் கீழே உள்ள வரிகளும் ஓடுகின்றன. ஹெடர்கள் போன பிறகு மாற்ற முடியாது என்று லாக்கில் ஒரு எரர் விழும். பயனருக்குப் பதில்தான் போய்விட்டதே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. அந்த எரர் வருவதற்கு முன்பே, இடையில் இருந்த இன்சர்ட் வரி ஓடியிருக்கும். காலியில்லை என்று சொன்ன சீட்டை நாமே இன்னொரு முறை விற்றிருப்போம்.

தோல்விக்கும் 200

எது நடந்தாலும் வெற்றி என்று பொருள்படும் 200 அனுப்பிவிட்டு, பாடிக்குள் சக்சஸ் ஃபால்ஸ் என்று வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. லோட் பேலன்சரும் கண்காணிப்புக் கருவிகளும் பிரவுசர் கேஷும் பாடியைத் திறந்து பார்ப்பதில்லை. ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கின்றன. பாதி ரெக்வஸ்ட் தோற்றுக்கொண்டிருந்தாலும் டாஷ்போர்டு பச்சையாகவே தெரியும். பயனர் தவறான தேதி கொடுத்தால் 400. லாகின் செய்யாதவருக்கு 401, லாகின் செய்தும் அனுமதி இல்லாதவருக்கு 403. தவறு நம்முடையதாக இருந்தால் மட்டுமே 500. பயனரின் தவறுக்கெல்லாம் 500 கொடுத்தால், நள்ளிரவில் அலாரம் அடித்து எழுப்பப்படுபவர் காரணமில்லாமல் எழுப்பப்படுகிறார்.

தகவலைப் படிப்பதற்கான கெட் ரெக்வஸ்ட்டில் எதையும் மாற்றக் கூடாது என்பதும் இதே நேர்மையைச் சேர்ந்தது. 2005-ல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளைப் பயனர் தொடுவதற்கு முன்பே எடுத்துவைக்கும். அழிக்கும் வேலையைச் சாதாரண லிங்க்காக வைத்திருந்த இணையச் செயலிகளில் பயனர்களின் தகவல்கள் தாமாக அழிந்தன. இன்றைக்கும் சாட் செயலியில் ஒரு லிங்க்கை ஒட்டினாலே, முன்னோட்டம் காட்டுவதற்காக ஏதோ ஒரு சர்வர் அதைத் திறந்து பார்க்கிறது.

ஒரே போஸ்ட் இரண்டு தடவை வரும்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இதில் பயனரின் பணம் போகிறது. ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒருவர் திரும்பி வருவதற்கான டிக்கெட்டைப் புக் செய்கிறார். ரெக்வஸ்ட் சர்வருக்கு வந்துவிட்டது, பணமும் எடுக்கப்பட்டது. பதில் திரும்பிப் போகும்போது சிக்னல் இல்லை. அவர் மறுபடி அழுத்துகிறார், அல்லது செயலியே மறுபடி அனுப்புகிறது. மாற்றி எழுதும் புட், அழிக்கும் டெலீட் இரண்டும் எத்தனை முறை வந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஹெச்டிடிபியின் விதி. புக்கிங் போன்றவற்றுக்குப் பயன்படும் போஸ்ட்டுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை.

பட்டனை முடக்கிவைப்பது பாதித் தீர்வுதான். சர்வர் பக்கம் ஐடெம்பொட்டன்சி கீ வேண்டும். ஒவ்வொரு புக்கிங் முயற்சிக்கும் கிளையண்ட் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி ஹெடரில் அனுப்பும். மறுமுயற்சியிலும் அதே அடையாளம்தான் வரும். சர்வர் அந்தக் கீயையும் முதலில் கொடுத்த பதிலையும் சேமித்து வைத்துக்கொண்டு, அதே கீ மறுபடி வந்தால் பழைய பதிலையே தரும். ஸ்ட்ரைப் போன்ற பேமெண்ட் ஏபிஐகள் இப்படித்தான் இயங்குகின்றன. அதே கீயோடு வேறு பாடி வந்தால் மட்டும் எரர் கொடுத்துவிட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, சீட் காலியா என்று செலக்ட் செய்து பார்த்துவிட்டு, காலி என்றால் இன்சர்ட் செய்வது. நோட் ஒரே த்ரெட்டில்தானே ஓடுகிறது, மோதல் எப்படி வரும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு அவெயிட்டிலும் அடுத்த ரெக்வஸ்ட்டுக்கு வழி கிடைக்கிறது. செலக்ட்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவில் இன்னொருவருடைய செலக்ட்டும் ஓடி, இருவருக்கும் காலி என்றே தெரியும். பயண எண்ணும் சீட் எண்ணும் சேர்ந்து இரண்டாம் முறை வராமல் தடுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்டை டேபிளில் வையுங்கள். நேராக இன்சர்ட் செய்யுங்கள். டேட்டாபேஸ் மறுத்தால் அதை 409 ஆக மாற்றி அனுப்புங்கள்.

வந்ததை வந்தபடி நம்புவது

யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் க்வெரியில் வருவது ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். ஏசி வேண்டுமா என்பதற்கு ஃபால்ஸ் என்று வந்தாலும், அது காலியில்லாத ஸ்ட்ரிங் என்பதால் இஃப் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டிடம் 12-க்குப் பின்னால் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தாலும் 12 என்றே தரும். எக்ஸ்பிரஸ் 4-ன் இயல்பான க்வெரி பார்சர், சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பினால் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஆப்ஜெக்ட்டையே உருவாக்கிக் கொடுக்கும். அதைச் சரிபார்க்காமல் மாங்கோ டிபி தேடலுக்குள் போட்டால், தேடலின் பொருளையே வெளியாள் மாற்றிவிட முடியும். ஸாட், ஜாய் மாதிரி, வந்த தகவலைச் சரிபார்க்கும் ஏதாவது ஒரு வேலிடேஷன் லைப்ரரியை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பயனர் அனுப்பிய தகவல் இருக்கும் ரெக்.பாடியை முழுதாக அப்படியே அப்டேட்டுக்குக் கொடுப்பதும் ஆபத்து. பெயரை மாற்ற வந்தவர் கூடவே அட்மின் ட்ரூ என்று சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும்? 2012-ல் கிட்ஹப்பில் இந்த வகை ஓட்டை வழியாக ஒருவர் தன் பப்ளிக் கீயை, ரெயில்ஸ் என்ற ரூபி ஃபிரேம்வொர்க் திட்டத்தின் கணக்கில் சேர்த்துக் காட்டினார். ஃபிரேம்வொர்க் வேறு, தவறு இதேதான். மாற்ற அனுமதிக்கும் புலங்களை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்.

லாகின் செய்தவர் என்று காட்டும் டோக்கன் சரியாக இருக்கிறது என்பதற்காக, கேட்ட டிக்கெட் அவருடையது என்று ஆகிவிடாது. யூஆர்எல்லில் 501-ஐ 502 ஆக்கினால் அடுத்தவரின் பெயரும் போன் நம்பரும் வந்து நிற்கும் ஏபிஐகள் நிறைய. மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2023-ல் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் முதல் இடம் இந்த ஓட்டைக்குத்தான். டிக்கெட்டைத் தேடும் க்வெரியிலேயே பயனரின் ஐடியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால் மறக்க வழியில்லை.

சில சின்ன விஷயங்கள். ஜேசன் பார்சரின் இயல்பான வரம்பு 100 கேபி. ஒரே ஒரு ரூட்டுக்கு (ஏபிஐயின் ஒரு முகவரிக்கு) மட்டும் பெரிய பாடி தேவை என்றால் அதற்கு மட்டும் உயர்த்துங்கள், மொத்த சர்வருக்கும் வேண்டாம். ரூட்டுகள் எழுதிய வரிசையில்தான் பொருந்தும். ஐடி வாங்கும் ரூட் மேலே இருந்தால், அதற்குக் கீழே எழுதிய தேடல் ரூட்டின் பெயரையே ஐடி என்று எடுத்துக்கொள்ளும்.

ரெக்வஸ்ட்டை முதலில் வாங்கி நம் சர்வருக்குக் கடத்தும் பிராக்ஸியான என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் சர்வரை வைத்திருப்பவர்கள், எக்ஸ்பிரஸின் ட்ரஸ்ட் பிராக்ஸி அமைப்பையும் பாருங்கள். அதை வைக்காவிட்டால் எல்லாப் பயனரும் ஒரே ஐபியிலிருந்து வருவதுபோலத் தெரியும். ஒரு ஐபியிலிருந்து இத்தனை ரெக்வஸ்ட்தான் என்று கட்டுப்படுத்தும் ரேட் லிமிட் ஒருவருக்காக எல்லோரையும் தடுத்துவிடும். அவசரத்தில் ட்ரூ என்று வைத்தால் வேறு சிக்கல். வெளியாள் போலி ஹெடரில் எழுதி அனுப்பும் ஐபியையும் எக்ஸ்பிரஸ் நம்பிவிடக்கூடும். நடுவில் ஒரு பிராக்ஸிதான் என்றால் அங்கே 1 என்று எண்ணாகவே கொடுங்கள்.