இனிஷியலில் சிக்கிய 120 டாலர்

காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்து வெளிநாட்டு கம்பெனி ஒன்றுக்கு மாம்பழக்கூழ் பற்றி ஆறு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். வேலை பிடித்துக் கொடுத்த இணையதளத்தில் என் கணக்கில் 120 டாலர் ஏறியது. பேங்குக்கு மாற்றினால் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி திரும்பியது. ஒவ்வொரு தடவையும் கட்டணம் வேறு பிடித்தார்கள்.

முதலில் ஐஎஃப்எஸ்சி மேல், அதாவது பேங்க் கிளையின் குறியீட்டு எண் மேல் சந்தேகம். அதில் ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம், இங்கிலீஷ் ஓ எழுத்து இல்லை. நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். கணக்கு நம்பரை நான்கு முறை சரிபார்த்தேன். போனை விட்டு பிரவுசிங் சென்டரில் போய்ப் போட்டேன். தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினால் "விவரம் பொருந்தவில்லை" என்று ஒரே வரி பதில். எந்த விவரம் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

ஒன்பதாம் நாள் பாஸ்புக்கையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாஸ்புக்கில் இனிஷியலும் என் பெயரும். பானில் இனிஷியல் போட விடமாட்டார்கள், அதனால் அப்பா பெயர் முழுசாக, கடைசியில். தளத்தில் பான்படி பதிந்திருந்தேன். மிஷினுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்!

கிருஷ்ணகிரி கிளைக்குப் போய், பான் நகலோடு பெயரை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன். "தம்பி, மாசம் பத்து பேர் இதுக்குத்தான் வராங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். நான்கு நாளில் மாறியது. தளத்தில் பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். பழையதிலேயே பெயரைத் திருத்திப் பார்த்தபோது தளம் ஏற்கவில்லை. திங்கட்கிழமை காலை பணம் வந்துவிட்டது.