உப்பு நீர்க் குளத்திலும் குளோரின் உண்டு

வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பு நீர் முறை போட்டால் குளோரினே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்புக் கரைசலிலிருந்து மின்சாரம் மூலம் குளோரின் தயாரிப்பதுதான் அந்தக் கருவியின் வேலையே. லிட்டருக்கு 3 முதல் 3.5 கிராம் உப்பு போதும். கடல் நீரில் சுமார் 35 கிராம். அதனால் வாயில் பட்டாலும் அவ்வளவாகக் கரிக்காது. குளோரின் டப்பாக்களை வாங்கி அடுக்கும் தொல்லையும் இல்லை.

செலவு வைப்பது, கருவியில் குளோரின் உண்டாகும் 'செல்' எனும் பகுதி. அதன் தகடுகள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். போர் தண்ணீர் கடினமானது என்றால் தகட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். குளத்து நீரின் பிஎச் அளவும் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகும். குளத்து நீரைச் சுழற்றும் மோட்டார் ஓடாத நேரத்தில் குளோரின் உற்பத்தி கிடையாது. அப்புறம், அயோடின் கலந்த சமையல் உப்பைக் கொட்ட வேண்டாம். சாதா இரும்பு ஏணி இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.