களையில் கை வைப்பதற்கு முன் நிலத்தை ஒரு சுற்று சுற்றுங்கள்

வெளியிலிருந்து வந்து பரவிய களைச்செடிகளை எடுக்க வரும் தன்னார்வலர்களை வழிநடத்துவது என் வேலை. ஆளும் கடப்பாரையும் சேர்ந்த அன்றே வெட்டத் துடிக்கிறார்கள். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிச் சாய்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து கிளை பொங்கி நிற்கும். முன்பு ஒற்றைத் தண்டாக இருந்தது இப்போது புதர். அந்தச் செடி இங்கே எப்படிக் காலூன்றியது என்று தெரியாமல் வெட்டினால், பெரும்பாலும் அதற்குத்தான் உதவுவோம்.

அதனால் முதல் நாள் வெட்டுக்கத்தி வேண்டாம், நடந்தால் போதும். அடர்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். எந்த வழியாக வந்தது என்பது ஓரத்தில்தான் தெரியும். பறவைகள் உட்காரும் மரத்தடியிலும் வேலியோரத்திலும் மட்டும் கன்றுகள் முளைத்திருந்தால், பழம் தின்ற பறவை போட்ட விதை. உண்ணிச்செடி (லண்டானா) இப்படித்தான் வரும். ஆடுமாடு போகும் தடத்தில், சாணத்திலிருந்தே முளைத்திருந்தால் சீமைக் கருவேலமாக இருக்கலாம். அதன் நெற்று கால்நடைக்கு இனிப்பு. விதையின் தோல் கெட்டி, வயிற்றைக் கடந்து வந்தும் சாகாது. கொட்டிய மண், மணல் குவியல், வண்டிச் சக்கரம் பதியும் இடம் என்றால் பார்த்தீனியத்தைச் சந்தேகப்படுங்கள். வாய்க்கால் உள்ளே நுழையும் முனையில் இருந்தால், மூலம் உங்கள் நிலத்திலேயே இல்லை, மேலே எங்கோ இருக்கிறது. வந்த வழியை அடைக்காமல் செடியை மட்டும் எடுப்பது வீண்வேலை.

வந்ததெல்லாம் தங்குவதில்லை. எத்தனையோ விதைகள் வந்து செத்துப்போகின்றன. இது மட்டும் ஏன் தங்கியது? அநேகமாக அந்த இடத்தை யாரோ கிளறியிருப்பார்கள்: மரம் வெட்டியிருப்பார்கள், தீ வைத்திருப்பார்கள், அளவுக்கு மீறி மேய்த்திருப்பார்கள், சாக்கடையை நீரில் திருப்பியிருப்பார்கள். இன்னொரு காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் உள்ளூர்ச் செடியின் இலையில் ஓட்டை, கடி, புழு எல்லாம் இருக்கும். வந்தேறிச் செடியின் இலை பெரும்பாலும் கடிபடாமல் முழுசாக இருக்கும். அதைத் தின்னும் பூச்சி, அந்தச் செடி பிறந்த மண்ணிலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் பூச்சியையும் கொண்டுவரலாமே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். ஆஸ்திரேலியாவில் கோடிக்கணக்கான ஏக்கரை மூடிய சப்பாத்திக்கள்ளியை, 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் 1933 வாக்கில் பெருமளவு தின்று தீர்த்தது உண்மைதான். கரீபியன் தீவுகளில் விட்ட அதே பூச்சி 1989-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே இயற்கையாக வளரும் கள்ளிகளை அது தின்கிறது. ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்க்கும் ஆய்வகங்கள் செய்ய வேண்டிய காரியம் அது. நீங்களும் நானும் தொடக்கூடாது.

இனி வெட்டும் கதைக்கு வருவோம். கேட்க வேண்டியது ஒன்றே: இது விதையால் பெருகுகிறதா, துண்டால் பெருகுகிறதா? கருவியையும் நாளையும் அதுதான் முடிவு செய்யும்.

பார்த்தீனியம் விதைக்காரன். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரே செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் போடும். ஆகவே பூப்பதற்கு முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தோலில் பட்டு அரிப்பு வந்தால் லேசில் போகாது. பூத்துவிட்டால் உலுக்காமல் சாக்கில் போட்டுக் கட்டுங்கள்.

நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை) இரண்டு வழியிலும் பெருகும். ஓடுதண்டில் குட்டி போட்டு, நல்ல வெயிலும் உரமேறிய நீரும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். வாரிக் கரையில் போட்டால் போதாது, நீர் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோங்கள். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடிருக்கும்; ஒரு முறை வாரிவிட்டு விழா எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

உண்ணிச்செடிக்கு மேலே வெட்டுவது வேண்டாம். மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள், மறுபடி வேர் பிடிக்காது. சீமைக் கருவேலத்துக்கு இன்னும் ஆழம் வேண்டும்: துளிர்விடும் பகுதி மண்ணுக்குள் இருப்பதால், ஓர் அடியாவது தோண்டி அடிக்கட்டையை எடுக்க வேண்டும். இடுப்பு ஒடியும் வேலை. ஒரு நாளில் நூறு மரம் சாய்ப்பதைவிடப் பத்து மரத்தை ஒழுங்காகத் தோண்டுவது மேல்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் நடுவிலிருக்கும் பெரிய புதருக்குப் போவார்கள். நான் அனுப்புவது தள்ளித் தள்ளி நிற்கும் சின்னத் திட்டுகளுக்கு. நாளைக்குப் புதிய எல்லை ஆகப்போவது அவைதான், இன்று கையாலேயே பிடுங்கிவிடலாம். நீரோட்டம் இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள்.

“இத்தனை வருஷமா நிக்குது, ஒண்ணும் பண்ணலையே” என்று யாராவது தோட்டத்து அழகுச்செடிக்கு வக்காலத்து வாங்கினால் நம்பாதீர்கள். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் வெளியிலிருந்து வந்த மரங்கள் அறிமுகமாகிப் பரவத் தொடங்குவதற்குச் சராசரியாக 170 ஆண்டுகள் எடுத்தன, புதர்களுக்கு 131. வெப்பம் கூடிய நாடுகளில் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. விதை போட ஆரம்பித்திருக்கிறதா, தாய்ச்செடியை விட்டுத் தள்ளிக் கன்று முளைத்திருக்கிறதா என்று மட்டும் ஆண்டுக்கொரு முறை பாருங்கள்.

எடுத்த இடத்தை வெறும் மண்ணாக விடாதீர்கள், அடுத்த களைக்கு அது போட்ட பந்தி. அந்த மண்ணுக்குரிய புல்லையோ செடியையோ அந்த மழைக்கே நட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்கும் வந்து கன்று பிடுங்க ஆள் குறித்து வையுங்கள். கிளம்பும் முன் மண்வெட்டி, செருப்பு, வண்டிச் சக்கரம் மூன்றையும் அங்கேயே சுரண்டிக் கழுவுங்கள். கால்சட்டை மடிப்பை உதறிப் பாருங்கள்.