எலும்புக்குத் துள்ளல் வேண்டும்: 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் கடல் வாசலிலேயே கிடக்கிறது. பிள்ளையை நீந்த விட்டால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீச்சல் தசைக்கும் மூச்சுக்கும் நல்லதுதான், ஆனால் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதிகம் கிடைப்பதில்லை. சைக்கிளில் அந்தப் பாரத்தை இருக்கை சுமக்கிறது.

எலும்பு கேட்பது கால் நிலத்தில் விழும் அதிர்வை. அந்த அதிர்வில் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், உள்ளேயுள்ள நுண்குழாய்களில் திரவம் அசையும். அதை உணரும் உயிரணுக்கள் பாரம் விழுந்த இடத்தில் புது எலும்பு கட்டச் சொல்கின்றன. ஒரே மாதிரி அதிர்வு சில பத்துத் தடவை வந்தபின் அவை மரத்துப்போகும். பழைய கூர்மை திரும்பச் சில மணி நேரம் வேண்டும். அதனால் ஒரேயடியாக 100 துள்ளலை விட, காலை, மதியம், மாலை என்று பத்துப் பத்தாகப் பிரிப்பதே பலன் தரும். கனடாவில் இதைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகளைப் பள்ளி மணி அடிக்கும்போது இப்படித்தான் நாளுக்கு மூன்று தடவை துள்ளவிட்டுப் பார்த்தார்கள். தொடையெலும்பின் மேற்பகுதியில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டு காலும் சேர்த்து, சமதரையில் தொடங்குங்கள். முன்பாதம் முதலில், பிறகு குதிகால், முழங்கால் மடிந்தபடி இறங்க வேண்டும். 'தொப்' என்று சத்தம் வந்தால் காலை விறைப்பாக வைத்து விழுகிறது என்று அர்த்தம். பழகியபின் ஒரு வாசற்படி உயரம் போதும். ஒற்றைக் காலில் கெந்துவது நான்கு வயதளவில்தான் வரும், அதற்கு முன் வற்புறுத்தாதீர்கள்.

எண்ணித் துள்ளச் சொன்னால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். கெந்தி விளையாட எட்டுக்கோடு கீறிக் கொடுங்கள். கிளித்தட்டு இன்னும் நல்லது: ஓடி, சட்டென்று நின்று, திரும்பும்போது அதிர்வு பல திசையிலிருந்து வரும். டச்சுக் குடாக் கரையில் உலர்ந்த மணல் அதிர்வை விழுங்கிவிடும், அலை நனைத்த இறுகிய மணலே தோது. வெயில் தணிந்தபின் போங்கள். மாரி மழையில் வீட்டுக்குள் துள்ளினால் காலுறையைக் கழற்றிவிடுங்கள், மாபிள் தரை வழுக்கும்.

3, 4 வயதில் நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் விளையாட்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 5 வயதிலிருந்து நாளுக்குச் சராசரி 60 நிமிடம் அப்படி மூச்சு வாங்கும் விளையாட்டு, வாரத்தில் 3 நாளாவது எலும்புக்கான துள்ளலும் ஓட்டமும்.

கட்டுவதற்குக் கல்சியமும் வேண்டும். முள்ளோடு மெல்லும் நெத்தலி, தயிர், குரக்கன் கூழ் போதும். விலை கூடிய மாப்பால் அவசியமில்லை.

விழுந்தபின் மூட்டருகே வீங்கினாலோ, பிள்ளை நொண்டினாலோ எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்காதீர்கள். இந்த வயதில் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்துப் பகுதி, மூட்டைப் பிணைக்கும் நாரை விடப் பலம் குறைந்தது. சுளுக்கு என்று நினைப்பது அங்கே விழுந்த முறிவாக இருக்கலாம். அசைக்காமல் வைத்து, எக்ஸ்ரே எடுக்கக் கூடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.