பழைய டீசல் ஸ்விஃப்ட் வாங்கலாமா? டர்போவைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

தம்பிக்குக் குறைந்த விலையில் ஒரு கார் தேடினோம். தமிழ்நாட்டில் அந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ். மூன்றிலும் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின். டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா என்று பல வண்டிகளில் இதே எஞ்சின் ஓடியதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டுவிட்டது. எனவே சந்தையில் இருப்பவை எல்லாம் வயதான வண்டிகள், வயதான டர்போக்கள். டயர், பெயின்ட், ஏ.சி. பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். டர்போவை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. வண்டிக்கு முன்னால் பில்களைப் பாருங்கள்

புகைக்குழாய்க்குப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் முதலில் அடிவாங்குவது இந்தத் தண்டுதான்.

ஆகவே 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ ஆயில் மாற்றியதற்கு பில் கேளுங்கள். பெரிய சர்வீஸ் சென்டர் பில்தான் வேண்டும் என்பதில்லை. தெருமுனை ஒர்க் ஷாப் சீட்டும் போதும், தேதியும் கிலோமீட்டரும் இருந்தால். கிலோமீட்டர் ஏறுவரிசையில் வருகிறதா என்றும் பாருங்கள். மீட்டரைக் குறைத்திருந்தால் இங்கேயே பிடிபடும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயில் கறுப்பாக இருக்கிறது என்று பயந்துவிட வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் விரைவில் கறுத்துவிடும். ஆயில் மூடியின் அடியில் கெட்டியான கசடு படிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்டை ஆட்டிப் பார்ப்பது

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். காலையில் போங்கள், ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வரலாம்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயை உங்கள் மெக்கானிக்கை விட்டுக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சிறிய அலுமினியச் சக்கரமும் அதன் நடுவில் ஒரு நட்டும் தெரியும். அந்த நட்டை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இலேசாக அசையும். அசைய வேண்டும். தண்டைச் சுற்றி ஆயில் நிற்க விட்ட இடைவெளி அது. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதை நிரப்பிவிடும். இந்த அசைவைப் பார்த்தே ‘டர்போ போய்விட்டது’ என்று நல்ல வண்டியை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். அதே அசைவைக் காட்டி, நல்ல டர்போவை மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு.

அடுத்து நட்டை உங்களை நோக்கி இழுத்து, உள்ளே தள்ளிப் பாருங்கள். இந்தத் திசையில் விரலுக்குத் தெரியும் அசைவு எதுவும் இருக்கக்கூடாது. ‘டக்’ என்று முன்னும் பின்னும் நகர்ந்தால் டர்போவின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. கடைசியாகச் சக்கரத்தை ஒரு பக்கமாக அழுத்தியபடி மெல்லச் சுழற்றுங்கள். இறகுகள் சுவரில் உரசக்கூடாது. இறகு நுனிகளில் தேய்ந்த தடமும் இருக்கக்கூடாது. குழாயின் உட்புறம் இலேசான ஆயில் ஈரம் இயல்பானது. தேங்கி நின்றால் இயல்பல்ல.

கழற்ற விடமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால் நான் அந்த வண்டியை வாங்கமாட்டேன்.

3. ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள்

குழாயை மாட்டியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகளில் சங்கிலி உலுக்குவதுபோல் சத்தம் வந்தால், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினுக்குச் செலவு காத்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ சீலாக இருக்கலாம், எஞ்சின் உட்பாகமாகவும் இருக்கலாம். கரும்புகை என்றால் டீசலுக்கேற்ற காற்று வரவில்லை. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் புகையும், அது சிறு செலவு. கரும்புகையைக் கண்டு ஓடிவிடாமல் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள்.

4. ஓட்டிப் பாருங்கள்

மூன்றாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் முழுவதும் மிதியுங்கள். முதலில் சோம்பலாக இருக்கும். 2,000-ஐ நெருங்கும்போது முதுகு சீட்டில் அழுந்தும்படி இழுக்க வேண்டும். அந்த இழுவை வரவே இல்லையென்றால் டர்போவிலோ ஹோஸிலோ கோளாறு. மெல்லிய விசில் சரி. சைரன்போல் ஊளையிட்டால் சரியில்லை.

கருவிகளில் நான் பரிந்துரைப்பது நல்ல டார்ச் லைட், வெள்ளைத் துணி, வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படித்துப் போனில் காட்டும் மலிவான ஓ.பி.டி. அடாப்டர், இந்த மூன்றுதான். பிழைக் குறியீடுகளை அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை அந்த அடாப்டர் காட்டினால், அதை முதலில் பாருங்கள். நேற்று அழித்திருந்தால், எதற்காக என்று கேளுங்கள்.

5. கணக்கு

பில் இருந்து, தண்டும் இழுவையும் சரியாக இருந்தால் சந்தை விலையைக் கொடுக்கலாம். வண்டி நன்றாக ஓடியும் பில் இல்லையென்றால், டர்போ மாற்றும் செலவை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் கழித்தே பேசுங்கள். கழிக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆயில் மாற்றிய வரலாறு தெரியாத டர்போ வண்டி எனக்கு எந்த நிலையிலும் மலிவாகத் தெரிவதில்லை.

ஆர்.சி. காலத்தையும் கணக்கில் சேருங்கள். 2011-இல் பதிவான வண்டிக்கு 2026-இல் 15 ஆண்டு முடிகிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால்தான் ஐந்தாண்டுக்குப் பதிவு நீளும்.

பிற்சேர்க்கை: ‘என்னுடையது எர்டிகா, இதே முறை பொருந்துமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. ஸ்விஃப்டின் 75 குதிரைத்திறன் எஞ்சினில் இருப்பது நிலையான அமைப்புள்ள டர்போ. எர்டிகா, சியாஸ், எஸ்.எக்ஸ். 4 ஆகியவற்றின் 1.3 லிட்டர் 90 குதிரைத்திறன் எஞ்சினில், திசை மாறும் இதழ்கள் உள்ள டர்போ. நகரத்துக்குள்ளேயே ஊர்ந்த வண்டியில் கரி படிந்து அந்த இதழ்கள் இறுகிவிடும். அப்போது தண்டு நன்றாக இருந்தும் இழுவை வராது. அந்த வண்டிகளுக்கு நான்காம் படியை நீண்ட சாலையில் செய்யுங்கள்.

இன்னொருவர் டெல்லிப் பதிவு வண்டி பற்றிக் கேட்டார். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்தபிறகே உள்ளூர் வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள்.