கல்லை இடிக்கும்போதே தொடங்கும் தவறுகள்

மேசைப்பலகையின் வெடிப்பில் கல்தூளை நிரப்பிப் பசை ஊற்றித் தேய்ப்பது பார்க்கச் சுலபமான வேலை. சரியாக வராவிட்டால் எல்லாரும் பசையைத்தான் திட்டுவார்கள். பாவம் பசை! பெரும்பாலும் கல்லை வாங்கி இடிக்கும்போதே காரியம் கெட்டிருக்கும்.

கடினமான கல்தான் உயர்ந்தது என்று குவார்ட்ஸை எடுக்காதீர்கள். கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் அது 7. மரம் தேயும் வேகத்தில் தேயாது. தேய்க்கத் தேய்க்கக் கல் மேடாகவும் மரம் பள்ளமாகவும் நிற்கும். நீலநிற டர்க்கைஸ் 5 முதல் 6, பச்சைநிற மாலகைட் 3.5 முதல் 4; இவை அதைவிட எளிதாகத் தேயும். இணையத்தில் மலிவாக வரும் டர்க்கைஸ் பல நேரம் ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றியது. உடைத்தால் உள்ளே வெள்ளை. இடித்த பிறகு நீலமும் வெள்ளையுமாகக் கிடந்தால் விஷயம் அதுதான்.

சமையல் உரலில் இடிக்கவே கூடாது. ஒருமுனை அடைத்த இரும்புக் குழாயும் தடித்த கம்பியும் போதும். இடித்தபின் காந்தத்தால் ஒருமுறை துழாவுங்கள். இரும்புத் துகள் கலந்தால் பின்னாளில் துருக்கறை வரும். எல்லாவற்றையும் மாவாக்குவதும் தவறு. மாவில் நிறம் வெளுத்துவிடும். முதலில் பருமணி, இடுக்குகளை நிரப்ப மட்டும் பொடி. பழைய டீ வடிகட்டியே நல்ல சல்லடை.

தூசியை அலட்சியப்படுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும், மாலகைட்டில் செம்பு, செர்பென்டைன் என்ற பச்சைக் கற்கள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ். மருத்துவமனை முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைச் சுழலவிட்டால் தூசி வீடெங்கும் பரவும். கல்லை நனைத்துக்கொண்டு இடியுங்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வெறுந்தரைமேல் இடித்தால், மறுநாள் மின்தூக்கியில் கீழ்வீட்டு ஆன்ட்டி பார்க்கும் பார்வையே தனி! அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். இரவில் வேண்டாம்.

நனைத்த கல்லைச் சரியாக உலர்த்தாமல் நிரப்புகிறவர்கள் பலர். இந்த வேலைக்கு ஊற்றும் பசையான சூப்பர் குளூ ஈரம் பட்டதும் இறுகும் வகை. மேல்பக்கம் உடனே கெட்டியாகி, அடியில் துகள் ஒட்டாமல் கிடக்கும். டிசம்பர் மழையில் நம் ஊர்க் காற்றில் எதுவும் காயாது. ஈரமுறிஞ்சி போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பசையையும் மெல்லிய அடுக்காகவே விடவேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் வெண்நுரை கட்டும். தேக்கு எண்ணெய்ப்பசையுள்ள மரம் என்பதால் நிரப்பும் முன் குழியை அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். வெளிர் மரமென்றால் குழியோரத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிக் காயவிடுங்கள், பசை ஊறிக் கறைபடாது.