கடலூர்க் கடலோரத்தில் காலி மனைக்கு விலை போடுவது எப்படி

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், ராசாப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தரகர் முதலில் சொல்வது "கடல் நடக்கிற தூரம்தான் சார்" என்பதுதான். அந்தத் தூரத்தை வைத்து மட்டும் யாரும் விலை போட முடியாது. மனையில் சட்டப்படி எவ்வளவு கட்டலாம், கட்டும் நிலைக்கு அதைக் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் சதுர அடி விலையைப் பேசவே வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்து, முன்பணம் கொடுத்த பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

அளவிலிருந்து தொடங்குங்கள். பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவில் உள்ள பரப்பு, புல வரைபடத்தில் உள்ள நீள அகலம், டேப் பிடித்து அளந்தது, இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால், குறைந்த அளவுக்குத்தான் விலை. 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி. குழிக் கணக்கில் பேசினால் மட்டும் எச்சரிக்கை தேவை. 24 அடிக்கு 24 அடி என்று கணக்கிடும் குழி 576 சதுர அடி. 12 அடிக்கு 12 அடி என்றால் 144தான். எந்தக் கோல் என்று கேட்காமல் தலையாட்டினால் நான்கு மடங்கு பிசகும்.

கட்டலாமா என்பதை முதலில் பாருங்கள்

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைச் சுருக்கமாக சி.ஆர்.இசட். என்கிறார்கள். உயர் ஓத எல்லையிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இது நீளும். மணலில் அலை நுரை தொடும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது.

இந்த மண்டலத்தின் வகைகளில், நகரமாக வளர்ந்துவிட்ட இடம் இரண்டாம் வகை. அங்கே ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் மனை இருந்தால் கட்டலாம்; கடல் பக்கம் இருந்தால் முடியாது. ஒரே தெருவில் எதிரெதிர் மனைகளுக்கு விலை பாதிக்குப் பாதி வித்தியாசப்பட இது ஒன்றே போதும். கிராமப் பகுதி மூன்றாம் வகை. மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கைப்படி அங்கே முதல் 200 மீட்டரில் பொதுவாகப் புதிய வீட்டுக்கு இடமில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை மீனவக் கிராமங்கள் போன்ற வழிவழிக் குடியிருப்பு உரிமை உள்ள இடங்களில் மட்டும், 9 மீட்டர் உயரத்துக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டலாம். 2019 அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த இடத்தில் தடைப் பகுதி 50 மீட்டர். மற்ற இடங்களில் அதே 200 மீட்டர். மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்டப் படத்தை அதன்படி திருத்தி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் 2019 விதி செல்லும். அதனால் "இப்போது 50 மீட்டர்தான்" என்ற வாய்வார்த்தையை நம்பாமல், உங்கள் சர்வே எண் நடப்பிலுள்ள படத்தில் எந்த வகையில் விழுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடலூரில் பலர் கோட்டைவிடுவது மேற்குப் பக்கத்தை. பழைய நகரத்தை ஒட்டிய சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் கிழக்கே கடல், மறுபுறம் உப்பனாறு. ஓதம் ஏறும் ஆற்றங்கரைக்கும் சி.ஆர்.இசட். உண்டு. 2011 விதியில் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், 2019 விதியில் 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. தேவனாம்பட்டினத்தில் கெடிலம், தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேரும் இடங்களிலும் இதே கதைதான். கடலிலிருந்து 600 மீட்டர் தள்ளியிருக்கும் மனை ஆற்றுக் கணக்கில் சிக்கலாம்.

எல்லைக் கோடு மனைக்கு நடுவே ஓடினால் மனையை இரண்டாகப் பிரித்து விலை போடுங்கள். கட்டக்கூடிய துண்டுக்கு வீட்டுமனை விலை; மீதிக்குச் சவுக்கோ தென்னையோ வைக்கும் நிலத்தின் விலை. கட்டக்கூடிய துண்டில் பக்க இடைவெளிகள் போக அறைகள் அமையாது என்றால், அதற்கும் வீட்டுமனை விலை இல்லை.

அடுத்தது டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. அனுமதியில்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பே பதிவான மனை மறுபடியும் பதிவாகிவிடும். பத்திரம் கைக்கு வந்துவிட்டதே என்று மகிழ்ந்தால், வரன்முறைப்படுத்தாமல் வீட்டு வரைபட அனுமதி கிடைக்காது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், அலைச்சல் எல்லாவற்றையும் விலையில் கழிக்க வேண்டும்.

பள்ளமும் தண்ணீரும்

கடலோர மனையில் பெரிய தொகை ஒளிந்திருப்பது மட்டத்தில்தான். கண்ணால் பார்த்தால் சமமாகத்தான் தெரியும். சர்வேயரை அழைத்து, ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, ரோட்டின் நடு உச்சியிலிருந்து மனையின் நான்கு மூலையும் நடுவும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று எடுங்கள். அரை நாள் வேலைகூட இல்லை.

40க்கு 60 மனை ரோட்டைவிட இரண்டரை அடி பள்ளம் என்று வையுங்கள். 2,400 × 2.5 = 6,000 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், 60 யூனிட். கொட்டிய மண் இடித்துத் தண்ணீர் விட்டால் அமுங்கும், அதனால் கால் பங்கு கூட்டி 75 யூனிட் கேளுங்கள். இதோடு மண் சரியாமல் நிற்க ஓரச்சுவர் வேண்டும். ரோட்டுச் சமத்துக்கு ஏற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அடுத்த முறை ரோடு போடும்போது அது இன்னும் உயரும்.

வெள்ளத் தடத்தை அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களே சொல்லும். சுண்ணாம்பு அடிக்காத பின்பக்கச் சுவரைப் பாருங்கள்: பழுப்புக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, மின் மீட்டர் பெட்டியை எவ்வளவு மேலே ஏற்றியிருக்கிறார்கள், காரை எதுவரை உப்புப் பூத்து உதிர்கிறது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 மழை, 2024 ஃபெஞ்சல் புயல் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். "வெள்ளம் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் வராது" என்றுதான் பதில் வரும். "ஃபெஞ்சல் அன்றைக்கு வாசல்படி வரை வந்ததா, உள்ளே வந்ததா?" என்று கேட்டால் கையை வைத்து உயரத்தைக் காட்டுவார்கள்.

தண்ணீரை மே மாதத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும். மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் இனிக்கும். அக்கம்பக்கத்து மூன்று ஆழ்துளைக் கிணறுகளில் மாதிரி எடுத்து, கிணற்றின் ஆழத்தையும் குறியுங்கள். குடிக்கும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீடு முடியும்வரை டேங்கர்தான். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் கையடக்க மீட்டர் போதாது. ஆய்வகத்தில் கொடுத்து உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றுக்கு நேரே நிற்கும் வீட்டுக்கு எம்-30 என்ற தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும். உள்ளூரில் வழக்கமான எம்-20-யோடு ஒப்பிட்டு அந்தக் கூடுதல் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டு விலை

அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு சந்தை விலை ஆகாது. வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன்மேல் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் போகும். அதற்குத்தான் அந்த எண்.

பக்கத்து சர்வே எண்களுக்குப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டு, கடந்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிரயங்களை மட்டும் எடுங்கள். செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்கள் எல்லாம் வேண்டாம். கைமாற்றுத் தொகை, அதாவது பத்திரத்தில் காட்டிய விலை, வழிகாட்டி மதிப்போடு ரூபாய் பிசகாமல் ஒத்திருந்தால் அது நிஜ விலையாக இருக்க வாய்ப்பு குறைவு. வாங்கியவரையோ அந்தத் தெருவில் இரண்டு தரகரையோ தனித்தனியாகக் கேட்டுச் சரிபாருங்கள். சொல்லும் விலையை எடுக்காதீர்கள், முடிந்த விலை மட்டும்.

மூன்று விற்பனை கிடைத்தால் கணக்குப் போடலாம். கீழே உள்ள ரூபாயெல்லாம் முறை விளங்க வைத்த எண்கள். நம் மனை மேலே சொன்ன 40க்கு 60, இரண்டரை அடி பள்ளம், 23 அடி ரோடு. மண் 75 யூனிட், யூனிட் 1,800 என்றால் 1,35,000, ஓரச்சுவர் 1,05,000. ஆக 2,40,000, சதுர அடிக்கு 100 ரூபாய்.

முதல் மனை அதே பிரிவில், ரோட்டு மட்டத்தில், நான்கு மாதம் முன்பு 1,450-க்குப் போனது. மட்டத்துக்கு 100 கழித்தால் 1,350. இரண்டாவது 30 அடி ரோட்டில் மூலை மனை, 1,650. மூலைக்கு 8, ரோட்டு அகலத்துக்கு 5, ஆக 13 சதவீதம் கழித்தால் 1,435. பள்ளத்துக்கு 100 போக 1,335. மூன்றாவதும் நம்முடையதைப் போலப் பள்ளம்தான்; ஆனால் 20 அடி முகப்பு, 80 அடி ஆழம், 1,200-க்குப் போனது. முகப்புக் குறைவுக்கு 8 சதவீதம் கூட்டினால் 1,296. விற்றவர் கல்யாணச் செலவுக்கு அவசரப்பட்டு விற்றிருந்தால் இதற்குக் குறைந்த எடை கொடுங்கள்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். திருத்தம் குறைவாகப் பட்ட முதல் மனைதான் சாட்சி. 1,300 முதல் 1,350 என்று எடுத்தால் மனை 31.2 லட்சத்திலிருந்து 32.4 லட்சம்வரை. 32 லட்சத்துக்கு முடித்தால் பதிவுக்கு மேலும் 2.88 லட்சம். அந்த 8, 5 என்ற சதவீதங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே தெருவில் மூலை மனையும் நடுமனையும் ஒரே காலத்தில் விற்றிருந்தால் அந்த இரண்டின் வித்தியாசமே உங்கள் சதவீதம்.

திருத்தங்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மனையை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வீடு கட்ட முடியாத மனையை, எவ்வளவு மலிவாகப் போயிருந்தாலும், இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். முன்பணம் கொடுக்கும் நாளில் மட்டக் குறிப்பு, தண்ணீர் அறிக்கை, சி.ஆர்.இசட். பதில் மூன்றும் கையில் இருக்கட்டும். பேரத்தில் ஒவ்வொரு ரூபாயையும் குறைத்துக் கேட்க அவைதான் ஆதாரம்.